மாநில உரிமையா, அடிமை உரிமையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாநில உரிமை என்ற சொல் நம் காதுக்கு இனிப்பது. அந்த உரிமைக்காகத்தான் 1861-இல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் போருக்குப் போயின என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நமக்குப் பிடித்த சொல் என்பதாலேயே அதை உரசிப் பார்க்க வேண்டாமா?

எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் பறைசாற்றிய நாடு அது. 1787-இல் அரசியல் சட்டம் எழுதியபோது, மக்கள் சபை இடங்களுக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணியது. அடிமைகளையும் கணக்கில் சேர்க்கச் சொன்னவர்கள் யார் தெரியுமா? தெற்கத்திப் பண்ணையார்கள்! அடிமைக்கு வாக்களிக்க அல்ல, தங்களுக்குக் கூடுதல் இடம் பிடிக்க. சட்டத்தில் 'அடிமை' என்று எழுத மட்டும் கூச்சப்பட்டார்கள்.

1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாப் பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். நாடு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. புதிய மண்ணில் பருத்தி விளைந்தது. பருத்தியோடு அடிமை முறையும் பரவியது. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாயிருந்த அடிமைகள் 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம்.

செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு இடம். அடிமை மாநிலம் 11, மற்றவை 11 என்று தராசு நின்றபோது மிசௌரி வந்து சேர்ந்தது. அதை அடிமை மாநிலமாக்கி, ஈடாக மெய்னைச் சுதந்திர மாநிலமாக்கி, 1820-இல் பேரம் முடித்தார்கள். பேரத்தில் விலைபோனவர்கள் பேரம் பேசிய அறையில் இல்லை.

மெக்சிகோவிடம் பிடித்த நிலத்தில் கலிபோர்னியா அடிமையில்லா மாநிலமாக வந்தது. அதற்குத் தெற்கு கேட்ட விலைகளில் ஒன்றுதான் 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம். தோழர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வடக்கே ஓடி வந்த அடிமையை எந்த மாநிலத்திலும் மத்திய அரசின் ஆள் பிடிக்கலாம். பிடிபட்டவர் தன் பக்கத்து வாக்குமூலம் தரக்கூட முடியாது. அடிமைதான் என்று தீர்ப்பளித்தால் ஆணையாளருக்குப் 10 டாலர் கட்டணம். விடுதலை செய்தால் 5 டாலர்! அடைக்கலம் கொடுத்த குடிமகனுக்குச் சிறை. பிழைப்புக்காக நாம் மாநிலம் விட்டு மாநிலம் வந்தபோது ரயிலில் டிக்கெட்டைத்தான் கேட்டார்கள்.

இந்தச் சட்டம் செல்லாது என்று 1854-இல் விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் சொன்னது. அதுவல்லவா மாநில உரிமை? ஆனால் மத்திய அதிகாரமே பெரிது என்று 1859-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. தெற்கத்தித் தலைவர்களுக்கு அந்தத் தீர்ப்பு கசக்கவில்லை.

1860-இல் லிங்கன் வென்றதும் தென் கரோலினா முதலில் விலகியது. விலகலுக்குக் காரணம் சொல்லி அது வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் போதும். வட மாநிலங்கள் தப்பியோடியவர்களைத் திருப்பித் தரவில்லை, நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துச் செல்லக்கூட அனுமதிக்கவில்லை என்று அடுக்குகிறது. அதாவது, வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அவர்கள் புகார்!

விலகியவர்கள் 1861-இல் தங்களுக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். அடிமை உடைமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் தங்கள் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்றும், புதிதாகச் சேரும் நிலங்களில் அடிமை முறையைக் காக்க வேண்டும் என்றும் அதில் விதித்தார்கள். இந்த முறை 'அடிமை' என்ற சொல்லை எழுத அவர்கள் கூசவில்லை.