டயர் உரசுதுன்னா வீலை லேத்துல சீவிடலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய குரல் பதிவுகள் வந்திருந்தது. அதுல ஒண்ணை மட்டும் எடுத்து இன்னைக்கு முழுசா பேசிடலாம்னு இருக்கேன். திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்:

"அண்ணா, என் போலோவுக்கு 16 இன்ச் அலாய் செட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிப் போட்டேன். நான் மட்டும் ஓட்டினா ஒரு பிரச்சினையும் இல்ல. அம்மா, அப்பா, தங்கச்சி மூணு பேரும் பின்னாடி உட்கார்ந்தா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் சர்ருன்னு உரசுது. வீலோட பின்பக்கத்தை லேத்துல 10 எம்எம் சீவினா உள்ள போயிடும்னு ஒரு கடையில சொல்றாங்க. குடுக்கலாமா?"

கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். பின் டயரோட தோள்பட்டையில, கத்தி வெச்சு கீறின மாதிரி வட்டமா ஒரு கோடு. சத்தத்தைக்கூட விட்டுடலாம், இந்தக் கோடுதான் எனக்குப் பயம். வீல் ஆர்ச்சோட விளிம்புத் தகடு ரப்பரை அறுத்துக்கிட்டிருக்கு. நாலு பேரை ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலையில போகும்போது அது உள் நூல் வரைக்கும் போச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால தம்பி, முடிவு எதுவானாலும், அதுவரைக்கும் பழைய வீலை மாட்டிட்டு ஓட்டுங்க.

சரி, கணக்குக்கு வருவோம். அவர் கழற்றி வெச்ச கம்பெனி வீல்ல 6J×15 ET40னு முத்திரை இருக்கு. புதுசா வாங்கினதுல 7J×16 ET25. இந்த ET ஜெர்மன் வார்த்தையோட சுருக்கம், நாம ஆஃப்செட்னு சொல்றோம். வீலோட அகலத்துல சரிபாதியில ஒரு கோடு போட்டுக்குங்க. வீல் ஹப்புல போய் உட்கார்ற முகம் அந்தக் கோட்டுல இருந்து வெளிப்பக்கமா எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குங்கறதுதான் அந்த எண். எண் பெருசா இருந்தா வீல் உள்ள போகும், சின்னதா இருந்தா வெளிய வரும்.

6 இன்ச் அகலம்னா 152.4 மில்லிமீட்டர், பாதி 76.2. அதுல 40 கழிச்சா 36.2. அதாவது கம்பெனி வீலோட வெளி விளிம்பு ஹப்புல இருந்து 36.2 மில்லிமீட்டர் வெளிய நின்னுச்சு. 7 இன்ச்சுக்குப் பாதி 88.9. அதுல 25 போனா 63.9. வித்தியாசம் 27.7. கிட்டத்தட்ட ஒண்ணே கால் விரல் அகலத்துக்கு வீல் வெளிய வந்துடுச்சு. பெரும்பாலானவங்க ET வித்தியாசத்தை மட்டும் பார்த்துட்டு "15 எம்எம்தானே"ன்னு நினைச்சுக்கறாங்க. அகலம் கூடினதுல பாதியையும் சேர்க்கணும்.

இன்னொண்ணு இருக்கு, இதை அவரே கவனிக்கல. பழைய டயர் 185/60 R15, அதோட விட்டம் சுமார் 603 மில்லிமீட்டர். இப்போ போட்டிருக்கிறது 205/55 R16, சுமார் 632. விட்டத்துல 29 கூடினா, ஆர்ச்சை நோக்கி மேல 14 மில்லிமீட்டருக்கு மேல ஏறியிருக்குன்னு அர்த்தம். ஆக, வெளியவும் வந்திருக்கு, மேலயும் ஏறியிருக்கு. பழியை மொத்தமா வீல் மேல போட முடியாது.

இப்போ லேத் விஷயம். பின்பக்க முகத்தைச் சீவினா ஆஃப்செட் கூடும், வீல் உள்ள போகும். கடைக்காரர் சொன்ன திசை சரிதான். நம்ம கோயம்புத்தூர் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம், வேலையும் சுத்தமா செய்வாங்க. ஆனா 10 சீவினாலும் 27.7ல மீதி 17.7 வெளியதானே நிக்குது? அதுக்கு நாம கொடுக்கற விலை என்னன்னு பாருங்க.

ஹப்புல உட்கார்ற அந்த முகம்தான் வண்டியோட மொத்த பாரத்தையும் தாங்குற இடம். நிறைய வீல்கள்ல போல்ட் ஓட்டைகளுக்கு நடுவுல எடை குறைக்கறதுக்காகக் குழிவு விட்டிருப்பாங்க. அந்தக் குழிவோட ஆழத்தைத் தாண்டி சீவினா, முன்பக்கம் இருக்கற உலோகம் எவ்வளவு மெல்லிசுன்னு வெளிய இருந்து தெரியாது. நடு ஓட்டையைச் சுத்தி ஹப் ரிங் உட்கார்ற படியும் குறைஞ்சுடும். போலோவோட ஹப் 57.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை வீல்கள் பலதுல நடு ஓட்டை 73.1 வரைக்கும் இருக்கும், ரிங் போட்டுத்தான் இடைவெளியை அடைக்கணும். அந்த ரிங் பிடிக்காம போனா 80ல ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சுடும்.

போல்ட் சமாச்சாரம் இதைவிட முக்கியம். மாருதி, ஹூண்டாய் மாதிரி வண்டிகள்ல ஹப்புலயே ஸ்டட் நீட்டிக்கிட்டிருக்கும், நாம நட் போடுவோம். அங்க 5 மில்லிமீட்டர் சீவினா ஸ்டட் 5 மில்லிமீட்டர் கூடுதலா வெளிய வரும். மூடின நட்டா இருந்தா, வீலை இறுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டட் முனை நட்டோட அடியில முட்டிக்கும். ஸ்பேனர் டைட்டா நிக்கும், வீல் லூஸா இருக்கும். போலோவுல ஸ்டட்டே கிடையாது, M14 போல்ட் நேரா ஹப்புக்குள்ள போகுது. சீவின அளவுக்கு அது உள்ள நீளும். பின்பக்கம் டிரம் பிரேக், நீண்ட போல்ட் உள்ள இருக்கற பாகத்தைத் தொட வாய்ப்பிருக்கு. அதனால சின்ன போல்ட் வாங்கணும். அதுலயும் ஃபோக்ஸ்வாகன் போல்டோட உட்காருமிடம் உருண்டை, வெளிச்சந்தை வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவம். மாத்திப் போட்டா ஒரு கோடு அளவுக்குத்தான் பிடிக்கும். என்னைக் கேட்டா, பாதி வீல் விபத்து இந்த இடத்துலதான் ஆரம்பிக்குதுன்னு சொல்வேன்.

உள்பக்கமும் பார்க்கணும். 10 சீவினா உள் விளிம்பு பழைய வீலைவிட 7.7 மில்லிமீட்டர் உள்ள போயிடும். முன்னாடி ஸ்ட்ரட் இருக்கு, காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் இருக்கற இடைவெளியும் குறையுது. வெளிய உரசறதை நிறுத்தப் போய் உள்ள உரச வெச்ச கதையாகிடும்.

அதனால என் பதில்: 10 வேண்டவே வேண்டாம். முகம் தடிமனா இருந்து, குழிவு ஆழமா இல்லாம இருந்து, 2, 3 மில்லிமீட்டர்ல வேலை முடியும்னா யோசிக்கலாம். அப்பவும் நாலு வீலையும் ஒரே அளவுக்கு, டயல் கேஜ் வெச்சு ஆட்டம் பார்த்துத்தான் செய்யணும். கிரைண்டரை எடுத்துக்கிட்டு வர்றவர்கிட்ட கொடுக்காதீங்க. அலாய் வீல்ல வெல்டிங் யாராவது சொன்னா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. அந்த உலோகத்துக்கு வெப்பப் பக்குவத்துல வந்த பலம், வெல்டிங் சூட்டுல அந்த இடத்துல போயிடும்.

அப்போ என்னதான் பண்றது? முதல்ல எவ்வளவு இடைவெளி தேவைன்னு அளந்துக்குங்க. குழந்தைங்க விளையாடற களிமண்ணை உருட்டி ஆர்ச் விளிம்புக்கு உள்பக்கம் ஒட்டிட்டு, பின்னாடி ஆளை ஏத்தி மெதுவா ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குங்க. களிமண் எங்க, எவ்வளவு நசுங்கியிருக்குன்னு பார்த்தா அளவு தெரிஞ்சுடும்.

அடுத்து டயர். அதே வீலுக்கு 195/50 R16 போட்டா விட்டம் 601க்கு வந்துடும், கம்பெனி அளவுக்குப் பக்கத்துல. அகலமும் 10 குறையறதால வெளிப்பக்கம் 5 மிச்சம். லோட் இண்டெக்ஸ் மட்டும் பழைய டயரைவிடக் குறையாம பார்த்து வாங்குங்க. பல வண்டிகள்ல இதுலயே உரசல் நின்னுடும்.

அதுக்கு மேலயும் கொஞ்சம் இடம் வேணும்னா ஃபெண்டர் ரோலிங். ஹப்புல ஒரு உருளையை மாட்டி, ஹீட் கன்ல பெயின்ட்டைச் சூடாக்கி, விளிம்பை உள்பக்கமா மடிக்கறது. முன் ஃபெண்டர் தனித் தகடு, போல்ட்டைக் கழற்றி மாத்திடலாம். பின்பக்கம் அப்படி இல்ல, உள் தகடும் வெளித் தகடும் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் அடிச்சது. மடிக்கும்போது நடுவுல இருக்கற சீலன்ட் விரிசல் விட்டா தண்ணி இறங்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இருக்கறவங்க மடிச்ச அன்னைக்கே புது சீலன்ட் அடிச்சுடுங்க. டிங்கரிங் கடையில சுத்தியலால தட்டி மடிக்கறேன்னு சொன்னா மறுத்துடுங்க, பெயின்ட் பிளந்துடும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 விஷயமா 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்கறது. டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கிட்டிருந்தா சோதனையில முதல்ல கண்ணுல படறது அதுதான். இன்சூரன்ஸ்லயும் கேள்வி வரும்.

தம்பிக்கு நேரடியா சொல்லணும்னா, இந்த செட்டை வித்துட்டு 6.5J, ET38 பக்கத்துல ஒண்ணு தேடுங்க. வாங்கின விலை முழுசா கிடைக்காது, தெரியும். ஆனா லேத் கூலி, புது போல்ட், ரிங், ரோலிங், டயர்னு கூட்டிப் பாருங்க, வித்தியாசம் அவ்வளவு பெருசா இருக்காது. புது செட்ல JWL, VIA முத்திரை இருக்கான்னு பார்த்துக்குங்க. அந்த முத்திரையையும் போலியா அடிக்கறாங்க, அதனால லோட் ரேட்டிங் எண்ணையும் சேர்த்துப் பாருங்க. மாட்டும்போது போல்ட்டை டார்க் ரெஞ்ச்ல 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. 100 கிலோமீட்டர் ஓட்டின பிறகு, வீல் ஆறினதும், இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க.