உடனிருத்தலும் உளவறிதலும்



வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு ஒரே பணியைச் செய்வோர், ஒருவர் மற்றவரின் இருப்பையும் மனநிலையையும் உணரத் தொழில்நுட்பம் எவ்வாறு துணைசெய்யும் என்பதே இக்கருத்தரங்கின் பொருள். கொரோனாக் காலத்தில் பிறந்த கேள்வி இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1980களின் நடுவிலேயே ஜெராக்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவையும் ஒரிகானின் போர்ட்லாந்தையும் கேமரா, மைக் வழியே இணைத்து, நடைகூடத்தில் எதிர்ப்படுவதுபோல் பேசிக்கொண்டார்கள். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. சக ஊழியரின் அறையைக் கேமரா வழியே ஒருவர் எட்டிப் பார்த்தால், பார்க்கப்படுபவருக்குக் கதவு திறக்கும் ஓசை கேட்கும். யாரெல்லாம் எட்டிப் பார்க்கலாம் என்பதையும் அவரே முடிவுசெய்வார். இத்துறையில் இதைவிட நாகரிகமான வடிவமைப்பை நான் கண்டதில்லை.

இன்றைய இணையக் கூட்டங்களைப் பாருங்கள். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கச் சராசரியாக ஏறக்குறைய 200 மில்லிவினாடிதான் ஆகிறது என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இணைப்பு சற்றே தாமதித்தால் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொரு இழப்பு நமக்கு நெருக்கமானது. எதிரில் இருப்பவர் உம் கொட்டாமல் நம்மால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. கூட்டத்திலோ எல்லாரும் மைக்கை அணைத்துவிடுகிறோம். பேசுபவர் நிமிடத்துக்கொரு முறை "கேக்குதா?" என்கிறார். ஒரு விசையைத் தொட்டால் மெல்லிய உம் ஒலி அவரைச் சேரும்படி செய்ய நம் பொறியாளர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? அதை யாரேனும் முன்னின்று செய்து சோதிக்க வேண்டும்.

ஆனால் மனநிலையை உணர்த்தவென்று சந்தைக்கு வந்தவை பலவும் முகத்தைப் படித்துச் சினம், சோர்வு, மகிழ்ச்சி என்று முத்திரை குத்தும் மென்பொருள்கள். முக அசைவை மட்டும் வைத்து உணர்வை உறுதியாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் விரிவாக எழுதினார்கள். கணக்கில் ஆழ்ந்தவரின் நெற்றியும் சுருங்கும். வெயில் பட்டவரின் நெற்றியும் சுருங்கும். மைக்ரோசாஃப்ட் 2022இல் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்வு கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்த்து, பணியிடத்தில் இத்தகைய கணிப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது. அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து. மனநிலையைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் ஊழியரின் உரிமை. சொல்ல விரும்புகிறவருக்கு வழியமைத்துக் கொடுப்பதோடு கருவியின் வேலை முடிகிறது.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவி திரட்டும் குறிப்புகளை யார் பார்க்கிறார், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார், ஊழியரே அதை நிறுத்த முடியுமா, தமிழ்ப் பேச்சில் சோதித்தீர்களா என்பவற்றை முடிவுகளுக்கு முன்பாகவே இந்த அவையில் சொல்லுங்கள்.