பூச்சாடியும் நிறைகுடமும்

நவீன ஓவியத்தின்முன் நிற்போர் பலர், "இதன் பொருள் யாது?" என வினவி மயங்குவர். வின்சென்ற் வான்கோ 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் திங்களில், பிரான்சின் ஆர்ல் நகரிலே தீட்டிய சூரியகாந்தி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அப்படத்திலே பூக்கள் 15. சில மலர்ந்தவை, சில இதழுதிர்ந்து முற்றியவை. பூவும் மஞ்சள், சாடியும் மஞ்சள், பின்புலமும் மஞ்சள். பூவின் உருவை உள்ளவாறு காட்டுவது மட்டுமே நோக்கமாயின் இவ்வாறு தீட்டியிரார்.

போல் கோகன் என்னும் ஓவிய நண்பரின் வரவை எதிர்நோக்கித் தீட்டிய படம் அது; பின்னர் அவர் தங்கிய அறையை அணிசெய்தது. விருந்தினரை எதிர்கொள்ள வாயிலில் நிறைகுடம் வைக்கும் மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு அவ்வுள்ளம் புதியதன்று. குடத்து மாவிலையை எண்ணி எவரும் பொருள் தேடுவதில்லை, வரவேற்பையே காண்கின்றனர்.

ஒக்ரோபரில் வந்த நண்பர் இரண்டு திங்களிற் பிணங்கிப் பிரிந்தார். வரவேற்பு மட்டும் இன்றும் வாடாது நிற்கின்றது. அதுவே அவ்வோவியத்தின் பொருள்.