நம் கம்ப்யூட்டரில் ஓடினால் போதுமா?

(வீட்டில் டி.வி.டி. தயாரிக்கும் வாலிபர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வீட்டிலேயே தயாரிக்கும் டி.வி.டி.யின் மெனுவில் உண்டாகும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது பற்றியும், தகட்டில் பதிவதற்கு முன் அதைப் பரீட்சித்துப் பார்ப்பது பற்றியும் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். "பென் டிரைவும் செல்போனும் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழங்கதை எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். டி.வி.டி. என்பது 1996-ம் வருஷக் கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சாதனம். இப்பொழுது விற்கும் புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் தகடு போட இடமே இல்லை என்பதும் வாஸ்தவந்தான். ஆனால், வீட்டில் ஒரு பிளேயரை வைத்துக் கொண்டு, ரிமோட்டில் நாலைந்து பொத்தான்களை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் அநேகர் இருக்கிறார்கள். பழைய வீடியோ டேப்புகளோ நாளுக்கு நாள் கெட்டுக் கொண்டே போகின்றன. அவற்றில் உள்ள கல்யாணத்தையும், காலஞ்சென்றவர்களின் முகத்தையும் குரலையும் அம்முதியவர்கள் பார்க்கும்படி செய்வதற்குத் தகடு இன்றும் நல்ல வழிதான்.

ஆனால் நடப்பது என்ன? ஒருவர் பத்து நாள் கஷ்டப்பட்டு ஒரு தகடு தயாரிக்கிறார். இருபது பிரதி எடுத்து உறவினர்களுக்கெல்லாம் கொடுத்து விடுகிறார். ஒரு பாட்டி அதைப் போட்டுப் பார்க்கிறாள். மெனு வருகிறது. அம்புக்குறிப் பொத்தானை அழுத்துகிறாள். எங்கே நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. "கல்யாணம்" என்பதை அழுத்தினால் "வரவேற்பு" ஓடுகிறது. படம் முடிந்ததும் திரை கறுப்பாகி நின்று விடுகிறது. உடனே அந்த அம்மாள், "எனக்கு இந்த மிஷின் சமாசாரமெல்லாம் தெரியாது" என்று தன்னையே நொந்து கொண்டு ரிமோட்டை வைத்து விடுகிறாள். குற்றம் யாருடையது? பரீட்சித்துப் பார்க்காமல் பங்கிட்டுக் கொடுத்தவருடையது. அறிவீனப் பட்டம் யாருக்கு? ஒரு தவறும் செய்யாத பாட்டிக்கு! இது நியாயமா என்று கேட்கின்றோம்.

இதைத் தயாரித்தவரிடம் சொன்னால், "நம் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடியது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ருஜுவாகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

மெனுவில் நாம் பார்க்கும் பொத்தான், உண்மையில் பொத்தானே அல்ல; அது பின்னணிப் படத்தின் ஒரு பாகந்தான். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீள்சதுரக் கட்டம் இருக்கிறது. அதுவே நிஜப் பொத்தான். அது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் நிறம், இன்னொரு மெல்லிய படமாக மேலே போர்த்தப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும், மேல் அம்பை அழுத்தினால் எந்தக் கட்டத்திற்குப் போவது, கீழ், இடது, வலது அம்புகளை அழுத்தினால் எங்கே போவது என்று நாலு வழிகள் எழுதப்பட்டிருக்கின்றன. "ஓகே" அழுத்தினால் செய்ய வேண்டிய காரியம் ஐந்தாவதாக எழுதப்பட்டிருக்கிறது.

கம்ப்யூட்டரில் நாம் என்ன செய்கிறோம்? மவுஸை நேராகக் கொண்டுபோய்ப் பொத்தான்மேல் அழுத்துகிறோம். அப்பொழுது அந்த நாலு வழிகளில் ஒன்றுகூடச் சோதிக்கப்படுவதில்லை. அவை நாலும் தப்பாக இருந்தாலும் மவுஸுக்குக் கவலையில்லை. பாட்டியின் கையில் மவுஸ் இல்லை, ரிமோட் இருக்கிறது. அவள் அந்த நாலு வழிகளில்தான் நடந்தாக வேண்டும். ஆகையால் தோழர்களே, மெனுவைப் பரீட்சிக்கும்பொழுது மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்புக்குறி விசைகளை மட்டும் உபயோகியுங்கள். இன்றைய பேச்சில் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக் கொண்டாலும் போதும்.

இனி பரீட்சை செய்யும் முறையைச் சொல்லுகிறோம். அதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படிக்குத் தகடே வேண்டியதில்லை. டி.வி.டி.ஸ்டைலர் போன்ற மென்பொருளில் தயாரித்ததை, நேரே தகட்டில் பதியாமல், கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாகவோ, "வீடியோ டி.எஸ்." என்ற பெயருள்ள கோப்புறையாகவோ எழுதச் சொல்லுங்கள். அதை வி.எல்.சி. பிளேயரில் திறந்தால் தகடு போட்டது போலவே மெனுவோடு ஓடும். மூன்று மணி நேரப் படத்தை வைத்துக் கொண்டு இந்தச் சோதனை செய்யாதீர்கள். ஒவ்வொரு படத்திற்கும் பதிலாக ஒரு நிமிஷத் துண்டை வைத்து மெனுவை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு முழுப் படத்தை வைத்து மறுபடியும் ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது படி, அழித்து எழுதும் டி.வி.டி. ஆர்.டபிள்யு. தகட்டில் பதிவது. சாதாரண டி.வி.டி. ஆர். தகட்டில் ஒரு தரம் பதிந்தால் பதிந்ததுதான், அழிக்க முடியாது. ஆர்.டபிள்யு. தகட்டை சுமார் ஆயிரம் தடவை வரை அழித்து எழுதலாம் என்பது கணக்கு. ஒரே ஒரு தகடு இருந்தால் வருஷக்கணக்கில் சோதனைக்கு உதவும். அதை டெலிவிஷனோடு சேர்ந்த பிளேயரில் போட்டு, ரிமோட்டை எடுத்து உட்காருங்கள். சில பழைய பிளேயர்கள் ஆர்.டபிள்யு. தகட்டை ஏற்பதில்லை, அதற்காக மெனுவைக் குறை சொல்லாதீர்கள்.

மூன்றாவது படி, ஒரே ஒரு டி.வி.டி. ஆர். பிரதி எடுத்து, வேறு வீட்டில், வேறு பிளேயரில், வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பது. அவர் தயாரிப்பைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே திகைக்கிறாரோ அங்கே உங்கள் மெனுவில் குறை இருக்கிறது. படம் ஓடும்பொழுது "மெனு" பொத்தானையும் "டைட்டில்" பொத்தானையும் அழுத்தட்டும். நிறுத்தி மறுபடி ஓடவிடட்டும். கடைசி வரை ஓடவிட்டு என்ன ஆகிறதென்று பார்க்கட்டும்.

கோளாறு கண்டால் "தகடு சரியில்லை", "பிளேயருக்கு வயதாகிவிட்டது" என்று வாய்க்கு வந்தபடி சொல்வதில் பிரயோஜனமில்லை. காரணமில்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. எல்லாப் பிளேயரிலும் ஒரே இடத்தில் ஒரே தவறு வருமானால் குற்றம் தயாரிப்பில் இருக்கிறது. ஒரு பிளேயரில் மட்டும் வருமானால் அந்தப் பிளேயரையும் தகட்டையும் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் திக்கினால் தகட்டையோ, பதிந்த விதத்தையோ பாருங்கள். தகட்டை மாற்றியும், வேகத்தைக் குறைத்தும் பதிந்து பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலை ஒன்றாக மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

தயாரிப்பில் சாதாரணமாக நேரும் தவறுகள் சிலவே. தேர்ந்தெடுத்த பொத்தான் ஒளிராவிட்டால், அந்த மேல் படத்தின் நிறம் பின்னணியோடு கலந்திருக்கும். அல்லது முழுதும் தெளிவாகவே விடப்பட்டிருக்கும். அம்பு தாறுமாறாகத் தாவினால் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது அந்த நாலு வழிகள் தப்பாயிருக்கும். படம் முடிந்ததும் கறுத்து நின்றால், "முடிந்தபின் மெனுவுக்குத் திரும்பு" என்ற கட்டளை கொடுக்கப்படவில்லை. தகடு போட்டவுடன் மெனு வராமல் படமே ஓடினால், முதலில் ஓட வேண்டியது எதுவென்று சரியாகச் சொல்லவில்லை. எழுத்துகளின் ஓரம் வெட்டுப்பட்டால், பழைய டெலிவிஷன்கள் படத்தின் விளிம்பை மறைத்து விடுகின்றன என்பதே காரணம். ஆதலால் நாலு பக்கமும் நூற்றுக்குப் பத்துப் பங்கு இடம் விட்டு எழுதுங்கள்.

இடக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. 4.7 ஜி.பி. என்று தகட்டில் அச்சிட்டிருப்பது 470 கோடி பைட். விண்டோஸ் கம்ப்யூட்டர் 1,024-ஆல் பெருக்கிக் கணக்குப் பண்ணுவதால் அதே இடத்தைச் சுமார் 4.38 என்று காட்டும். அதில் இரண்டு மணி நேரப் படம் கொள்ள வேண்டுமானால், படமும் ஒலியும் சேர்ந்து வினாடிக்கு 52 லட்சம் பிட்டுக்கு மேல் போகக் கூடாது.

அயல்நாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வழங்குவது வினாடிக்கு 25 படமுள்ள பால் முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்குவது என்.டி.எஸ்.சி. முறை. பால் தகட்டை அங்குள்ள பல பிளேயர்கள் ஓட்டா. இங்கே நூறு தடவை ஓடியது அங்கே ஓடும் என்பதற்கு ருஜுவாகாது.

"பதிந்தபின் மென்பொருளே சரிபார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். அது சரிபார்ப்பது, கோப்பில் உள்ளதும் தகட்டில் உள்ளதும் ஒன்றா என்பதைத்தான். கோப்பில் உள்ள தவறு அப்படியே தகட்டிலும் இருந்தால் அதுவும் அதற்குச் "சரி"தான்! நகல் எழுதுபவன் மூலத்திலுள்ள பிழையையும் விடாமல் எழுதினால், நகல் சரியென்போமே தவிர விஷயம் சரியென்போமா?

"இவ்வளவுக்கும் நேரம் எங்கே?" என்கிறீர்களா? ஒரு மாலைப் பொழுது போதும். இருபது தகட்டைத் திரும்ப வாங்கி, மறுபடி பதிந்து, வீடு வீடாகக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசியுங்கள். கொடுத்த தகட்டைத் திரும்ப வாங்குவதே அபூர்வம். ஓடாத தகட்டைப் பற்றிப் பெரும்பாலோர் உங்களிடம் சொல்லவே மாட்டார்கள். பாட்டியைப் போலத் தம்மையே நொந்து கொண்டு பெட்டியில் போட்டு விடுவார்கள்.

ஆகையால் தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நம்பிவிட வேண்டாம். இன்றிரவே வீட்டிற்குப் போய், முன்பு தயாரித்த தகடு ஒன்றை எடுத்து, பிளேயரில் போட்டு, ரிமோட்டை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். நாம் சொன்னது சரியா தப்பா என்பதை அந்தத் தகடே சொல்லிவிடும்.