யாரோ ஒருவரின் கடன், நம் கைப்பேசியில்

(வானொலி மறையுரை)



கடன் நமக்குப் புதிதல்ல. பிள்ளைகளின் படிப்புக்கு, மகளின் திருமணத்துக்கு, திடீரென்று வருகிற மருத்துவச் செலவுக்கு என்று கடன் வாங்காத குடும்பங்கள் நம் பங்குகளில் குறைவு. ஆனால் இன்று நாம் சிந்திக்க இருப்பது நாம் வாங்கிய கடனைப் பற்றி அல்ல. வேறு யாரோ வாங்கிய கடனுக்காக நம் கைப்பேசிக்கு வருகிற அழைப்புகளைப் பற்றி.

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. ஒரு பெயரைச் சொல்லி, "அவர் தவணை கட்டவில்லை, எப்போது கட்டுவார்?" என்று கேட்கிறார்கள். "அப்படி யாரும் இங்கே இல்லை, ராங் நம்பர்" என்கிறோம். மறுநாள் வேறோர் எண், வேறொரு குரல், அதே கேள்வி. அதற்கடுத்த நாள் குரல் உயர்கிறது: "நீங்கள்தான் அவரை மறைக்கிறீர்கள். நீங்களே கட்டிவிடுங்கள்." வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இப்படிப்பட்ட அழைப்பு வந்தால், அவர்கள் எவ்வளவு பயந்துபோவார்கள் என்று நமக்குத் தெரியும்.

இது ஏன் நடக்கிறது? நம் நாட்டில் ஒருவர் பயன்படுத்தாமல் விட்டதால் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண், துண்டிக்கப்பட்ட 90 நாள்களுக்குப் பிறகு இன்னொருவருக்குக் கொடுக்கப்படலாம். எண் கைமாறினாலும், கடன் நிறுவனத்தின் பதிவில் பழைய பெயரே இருக்கும். சில நேரங்களில், கடன் வாங்குகிறவர் 'ரெஃபரன்ஸ்' என்று நம் எண்ணை எழுதிக் கொடுத்திருப்பார், நமக்கே தெரிந்திருக்காது. கைப்பேசிச் செயலிகள் வழியே கடன் கொடுக்கும் சிலர், வாங்கியவரின் கைப்பேசியில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் என்று ஒவ்வொருவரையும் அழைக்கிறார்கள். கடனே இல்லாத இடத்தில் கடன் இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்களும் உண்டு.

அன்பார்ந்தவர்களே, அண்டை வீட்டாருக்கும் நண்பருக்கும் ஏன் தேடிப்பிடித்து அழைக்கிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப்பார்ப்போம். அவர்களிடம் பணம் இருக்கிறது என்பதற்காக அல்ல. கடன்பட்டவரின் மானம் அவர்களிடம் இருக்கிறது என்பதற்காக. "ஊருக்கெல்லாம் தெரிந்துபோகும்" என்கிற அச்சம்தான் அங்கே கருவி. அந்த அச்சத்தைத் தாங்க முடியாமல் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே நமக்கு வருகிற அந்த ராங் கால் வெறும் தொந்தரவு மட்டும் அல்ல. ஒரு மனிதரின் மானம் சிறிது நேரம் நம் கையில் வைக்கப்படுகிறது. அதை நாம் என்ன செய்யப்போகிறோம்?

இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில், கடனைப் பற்றி மிக அழகான ஒரு சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை வாங்குவதற்காகக் கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவர்தாம் அதை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர் ஏழையாக இருந்து, தம் மேலாடையை அடகாகக் கொடுத்திருந்தால், பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் அவர் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்?

கடனைத் திருப்பித் தர வேண்டும் என்பதை இறைவன் மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்ட ஏழைக்கும் ஒரு வாசற்படி உண்டு என்கிறார். அந்த வாசற்படியைத் தாண்டக் கடன் கொடுத்தவருக்கு உரிமை இல்லை. கடன்பட்டவரின் வீட்டுக்குள்ளேயே நுழையக் கூடாது என்றால், கடனே படாத அடுத்தவர் வீட்டுக்குள் நுழையலாமா? இன்று கைப்பேசியும் நம் வீட்டின் ஒரு வாசல்தான்.

நம் நாட்டின் விதிமுறைகளும் இதையே வேறு சொற்களில் சொல்கின்றன. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வசூல் ஏஜென்டுகள் மிரட்டவோ பலர் முன்னிலையில் அவமானப்படுத்தவோ கூடாது. கடன்பட்டவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸாகக் குறிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் தனிவாழ்வில் தலையிடக் கூடாது. நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்பட்டவரை அழைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. குழுக்களில் நம் பெண்கள் வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு இந்த நேரம் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான்.

அப்படியானால், அழைப்பு வரும்போது நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உண்மையைத் தெளிவாகச் சொல்வோம். "நீங்கள் தேடுகிறவர் நான் அல்ல. இந்த எண்ணை உங்கள் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். நீங்கள் எந்த நிறுவனம்? உங்கள் பெயர் என்ன?" இந்த நான்கு வாக்கியங்கள் போதும். அழைத்த எண்ணையும், தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைப்போம். நம் முகவரியையோ, ஆதார் எண்ணையோ, ஓ.டி.பி.யையோ கொடுக்க வேண்டாம். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். "ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டித் தொலைத்தால் தொந்தரவு விடும்" என்று நினைத்துப் பணம் அனுப்பவே வேண்டாம். கட்டினால் தொந்தரவு நிற்பதில்லை. இங்கே கேட்டால் கிடைக்கும் என்றுதான் அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அழைப்பு தொடர்ந்தால், அந்த வங்கியின் அல்லது நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் முறையிடலாம். 30 நாள்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மிரட்டல், ஆபாசப் பேச்சு என்றால் தயங்காமல் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதையெல்லாம் இன்றே சொல்லி வைப்பது நல்லது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் புரிந்துகொள்வோம். ரெஃபரன்ஸாக நம் எண் இருப்பதால் மட்டும் கடன் நம்முடையது ஆகிவிடாது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், சட்டப்படி அந்தக் கடனுக்கு நாமும் பொறுப்பு. அப்போது "எனக்குச் சம்பந்தம் இல்லை" என்று சொல்வது உண்மை ஆகாது. சீராக்கின் ஞான நூல் 29-ஆம் அதிகாரம் இதை எடை போட்டுச் சொல்கிறது: நல்ல மனிதர் அயலாருக்குப் பிணை நிற்பார், ஆனால் தம் வசதிக்கு உட்பட்டு உதவ வேண்டும், தாமே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கடன்பட்டவரின் பெயரைக் காப்போம். அவர் நமக்கு முன்பின் தெரியாதவராக இருக்கலாம். அவருடைய பெயரும் கடன்தொகையும் நாம் கேட்காமலே நம் காதில் விழுந்தன. அவருக்காக ஒரு 'அருள்நிறை மரியே' சொல்லிவிட்டு, அதை அங்கேயே விட்டுவிடுவோம். அவர் நம் தெருவைச் சேர்ந்தவராக, நம் அன்பியத்தில் நம் அருகில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறவராக இருந்தால்? அங்கேதான் சோதனை. "விஷயம் தெரியுமா? அவங்களைத் தேடி எனக்கு ஃபோன் வந்தது" என்று நாம் இன்னொருவரிடம் சொல்லுகிற அந்த நொடியில், வசூல் ஏஜென்ட் செய்ய நினைத்த வேலையைக் கூலி வாங்காமல் நாமே செய்து முடித்துவிடுகிறோம்.

எட்டாவது கட்டளை பொய் பேசுவதை மட்டும் தடுப்பதில்லை. தக்க காரணம் இல்லாமல் பிறருடைய குறையை, அது உண்மையாகவே இருந்தாலும், தெரியாதவர்களிடம் வெளிப்படுத்துவதும் அவருடைய நற்பெயருக்கு எதிரான பாவம் என்று திருச்சபை தன் மறைக்கல்வியில் கற்பிக்கிறது. ஆகவே அவரிடம் மட்டும், தனியாக, குரலைத் தாழ்த்திச் சொல்வோம்: "உங்களைத் தேடி ஃபோன் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டேன். ஏதாவது கஷ்டமா?" கடன் அவமானத்தில் இருப்பவர் தனித்துப்போகிறார். திருப்பலிக்கு வருவதைக்கூட நிறுத்திவிடுகிறார். நாம் கேட்கிற அந்த ஒரு கேள்வி அவரை மீண்டும் நம் நடுவில் உட்கார வைக்கலாம்.

மூன்றாவது, அழைத்தவரையும் மனிதராகப் பார்ப்போம். மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் யாரோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. இத்தனை பேரிடம் வசூலித்தாக வேண்டும் என்று அவருக்கும் மேலே ஒருவர் நெருக்குகிறார். அதற்காக அவருடைய மிரட்டல் நியாயம் ஆகிவிடாது. உறுதியாகப் பேசுவோம், ஆனால் சாபமிட வேண்டாம். அவருடைய தாயை இழுத்துத் திட்ட வேண்டாம். மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட பணியாளர், வெளியே வந்ததும் நூறு தெனாரியத்துக்காகத் தம் உடன் பணியாளரின் கழுத்தை நெரிக்கிறார். கழுத்தை நெரிக்கிறவரும் ஒரு கடனாளிதான். நாமும் மன்னிக்கப்பட்ட கடனாளிகளே.

இறுதியாக ஒன்று. நம்முடையது அல்லாத கடனை நாம் ஏற்கக் கூடாதா? ஏற்கலாம். ஆனால் பயத்தினால் அல்ல, அன்பினால். ஓடிப்போன அடிமையாகிய ஒனேசிமுவைத் தலைவர் பிலமோனிடம் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி புனித பவுல் கேட்டுக்கொள்கிறார். தாமே அதைச் செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதுகிறார். அப்போது அவர் சிறையில் இருந்தார். யாரும் அவரை மிரட்டவில்லை. சிலுவையில் நம் ஆண்டவர் செய்ததும் இதுதானே? தம்முடையது அல்லாத கடனை அவர் மனமுவந்து ஏற்றார்.

நாம் ஒவ்வொருவரும் அடுத்தவர் கடனை முழுவதும் அடைக்க முடியாது. ஆனால் நம் பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், கஷ்டப்படும் குடும்பத்தை அவர்களிடம் மெதுவாகக் கொண்டுசேர்க்கலாம். படிவம் நிரப்பவும், தவணையைக் குறைத்துக் கேட்கவும் வங்கிக்கு உடன் செல்லலாம். ஒரு மாதத்து அரிசியை வாங்கிக் கொடுக்கலாம். எதுவும் முடியாவிட்டால், வாயைக் காத்துக்கொள்ளலாம். அதுவும் பெரிய தர்மம்தான்.

செபிப்போம். எங்கள் கடன்களைத் தம்மீது சுமந்துகொண்ட ஆண்டவரே, கடன் சுமையால் தூக்கமின்றித் தவிக்கும் எல்லாரையும் உமது திருக்கரத்தில் ஒப்படைக்கிறோம். அவர்களுக்கு வழி திறந்தருளும். கடன் கொடுத்தோரின் உள்ளத்தில் இரக்கத்தையும், எங்கள் நாவுக்குக் காவலையும் தந்தருளும். அடுத்தவர் மானத்தை எங்கள் மானமாகக் காக்க எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.