விடுதலைக்குப் பின் வேலை

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேச நாம் அடிக்கடி கூடுகிறோம். சிறையிலிருந்து ஊர் திரும்பும் மனிதனைப் பற்றிப் பேசக் கூடுவது அரிது. அவனும் நம் ஊர்க் குடிமகனே. தண்டனை முடிந்தது என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, ஊர் மட்டும் அதை நீட்டிக்கொண்டே போவது முறையாகுமா?

வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை எல்லோரும் அறிவீர்கள். 1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையான பின் அவர் பட்ட துன்பத்தை அறிந்தவர் சிலரே. வழக்கறிஞர் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பார்த்தார்; வறுமை நீங்கவில்லை. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அவர் செய்தது நாட்டுத் தொண்டு, குற்றமன்று. அத்தகைய பெரியாருக்கே தொழிலின்றி வாழ்வு அரிதாயிற்று என்றால், கல்வியும் துணையும் இல்லாத ஏழையின் கதி என்ன?

நம் சிறைகளில் நெசவு, தையல், தச்சு, காலணி செய்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. சிங்காநல்லூர்த் திறந்தவெளிச் சிறையில் பயிர்த்தொழிலே முதன்மையாக இருந்து வந்தது. ஆனால் கைத்தொழில் கற்றவன் வெளியே வந்ததும் தறியும் இல்லை, முதலும் இல்லை, அழைப்பாரும் இல்லை என்றால் கற்றது வீணாகும்.

ராஜஸ்தான மாநிலத்துச் சாங்கானேரில் 1963ஆம் ஆண்டு ஒரு திறந்தவெளிச் சிறை தொடங்கப்பெற்றது. அங்கே கைதிகள் குடும்பத்துடன் வாழ்ந்து, பகலில் வெளியே சென்று உழைத்துக் கூலி பெற்று, குறித்த நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்கு வேலை கொடுப்போர் சுற்றுவட்டாரத்து மக்களே. ஆகவே விடுதலை நாளன்று வேலை தேடி அலைய வேண்டிய நிலை குறைகிறது.

“திருடியவனை எப்படி நம்புவது?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. களஞ்சியச் சாவியை முதல் நாளே கொடுக்க வேண்டியதில்லை. பலரோடு சேர்ந்து செய்யும் வாய்க்கால் வேலையில் தொடங்கட்டும். நடத்தையைக் கண்டு பொறுப்பைக் கூட்டலாம். வேலையும் கூலியும் இல்லாமல் திரிபவனாலேயே ஊருக்கு அச்சம் மிகுதி. அவனால் துன்புற்ற குடும்பம் அதே ஊரில் இருந்தால், அவர்கள் மனத்தையும் அறிந்து நடக்க வேண்டும். பகை ஆறாதிருப்பின் அடுத்த ஊரில் வேலை தேடித் தருவதே நலம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை சில உண்டு. விடுதலைக்கு முன்பே குடும்பத்தார் வாயிலாக, அவர் கற்ற தொழிலையும் வெளிவரும் நாளையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கச் செய்யுங்கள். ஊரக வேலை உறுதித் திட்டம் கேட்பது உடலுழைப்புக்கு மனமுள்ள வயதுவந்தோரையே; சிறை சென்றவர் என்பதற்காக அவரை ஒதுக்கலாகாது. விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவுவதற்கென்றே சங்கம் உண்டு. நன்னடத்தை அலுவலரை அணுகினால் வழி கிடைக்கும்.

உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு போக்கிடம் இல்லாதவன் என்று அரைக்கூலி கொடாதீர்கள். சிறைக்குள் உழைப்பவருக்கும் நியாயமான கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. வெளியே உழைப்பவருக்கு அதனினும் குறைவாகக் கொடுப்பது தகுமா? அறுவடை மாதத்தோடு நிற்கும் வேலையும் போதாது. கறவை மாடு, தறி, தையல் இயந்திரம் என ஆண்டு முழுவதும் கை ஓயாத தொழில் அமைய வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து, ஒரே ஒருவருக்கேனும் வேலைக்கு வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.