கடலறிந்து கலம் கொள்வது
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழா மேடையில் படகைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். கவிதையைப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் சற்றே வியப்படையக் கூடும். ஆனால் இராமநாதபுரம் சீமையில் நெய்தல் என்பது ஏட்டில் மட்டும் உள்ள திணையன்று. தொண்டியிலும் தேவிப்பட்டினத்திலும் மண்டபத்திலும் பாம்பனிலும் அது நாள்தோறும் விடியுமுன்னே எழுந்து கடலுக்குப் போகிறது. எதில் ஏறிப் போகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் முன்னோர் கலங்களுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். நாவாய், வங்கம், திமில், அம்பி, பஃறி, தோணி, ஓடம் என்று அவை நீள்கின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று நிகண்டு மனப்பாடம் செய்தவர்கள் கருதலாம். கடற்கரையில் வாழ்ந்தவன் அப்படிக் கருதியிருக்க மாட்டான். மீன் வேட்டைக்குத் திமில்; கடல் கடந்த வாணிகத்துக்கு வங்கம்; உப்பைக் கொடுத்து நெல்லைக் கொள்ளக் கழிகளில் ஓடியது பஃறி. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு தேர்வு இருக்கிறது. இந்த நீருக்கு, இந்தத் தொழிலுக்கு, இந்தக் கலமே பொருந்தும் என்று யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கண்டறிந்த முடிவு அது.

வேட்டைக்கு ஊர்தி தேர்வது உலகெங்கும் உள்ள கவலைதான். பனி மூடிய வடநாடுகளில் நாய் பூட்டிய சறுக்குவண்டி நல்லதா, பொறி பூட்டிய பனிவண்டி நல்லதா என்ற கேள்வி ஒரு காலத்தில் எழுந்தது. பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே 1960களில் பனிவண்டி புகுந்தது. சில ஆண்டுகளில் மேய்ப்பு முறையே மாறிற்று. எரிபொருளுக்கும் உதிரிப் பொருளுக்கும் ரொக்கப் பணம் தேவைப்பட்டது. வண்டி வாங்கியவனுக்கும் வாங்க இயலாதவனுக்கும் இடையே இடைவெளி வளர்ந்தது. பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியல் அறிஞர் 1973இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மனிதன் ஊர்தியைத் தேர்ந்தெடுக்கிறான். அதன் பின் அந்த ஊர்தி அவன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்து விடுகிறது. அந்நூல் எனக்கு உணர்த்திய உண்மை இதுவே.

நமக்குப் பனி இல்லை, வாடை உண்டு. நம் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் வழக்கில் வடகடல், தென்கடல். வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்கும் குறைந்தது. சேறும் கடற்புல்லும் நிறைந்தது. தென்கடலோ கரையருகே 21 தீவுகளையும் பவளப் பார்களையும் கொண்டு, அப்பால் போகப் போக ஆயிரம் மீட்டரையும் கடந்து ஆழ்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஒதுக்கம் தரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஒரே தீவில் இருந்துகொண்டு இரண்டு கடல்களையும் இரண்டு பருவங்களையும் ஆள வேண்டிய மக்கள் இவர்கள்.

ஆகவே கலம் தேர்வதும் ஒரு கலையாயிற்று. அலை ஓங்கி அடிக்கும் சோழமண்டலக் கரையில் கட்டுமரம் சிறந்தது. நீர் மேலே ஏறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் காய வைக்கலாம். அந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்திலும் ஏறி உலகைச் சுற்றியது. அலை அடங்கிய பாக் விரிகுடாவில் பலகை அடைத்த வத்தையும் வள்ளமும் பாய் விரித்து ஓடின. காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது குறுக்கே நீட்டிய பலகையின் நுனியில் ஆள் ஏறி நின்று கலத்தைச் சமன் செய்யும் வழக்கமும் இக்கடலில் இருந்தது. சங்கு குளிப்போருக்கு விரைவு தேவையில்லை. பாரின் மேல் அசையாது நிற்கும் கலம் தேவை. கூடு வைத்து மீன் பிடிப்போருக்குக் கூடுகளை அடுக்க அகன்ற இடமும், பாரில் இடிக்காத ஆழமற்ற அடியும் தேவை. இராமேசுவரத்துக்கும் தனுசுகோடிக்கும் இடையே யாத்திரிகரை ஏற்றிச் செல்ல அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் கடற்கரையிலேயே மரப்படகு கட்டிய செய்தியை 'அக்னிச் சிறகுகள்' வழியே நீங்கள் அறிவீர்கள். அந்தத் தனுசுகோடியை 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயல் அழித்தது. கடலைக் குறைத்து மதிப்பிட எந்தக் கலத்துக்கும் உரிமையில்லை என்பதற்கு அந்த மணற்கோடி இன்றும் சான்று.

எந்தக் கடல், எந்தக் காற்று, எந்த மீன், எந்தக் கரை, எத்தனை கை, யாரிடம் கடன்? கலம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த ஆறும்தாம். முதல் ஐந்தும் கடலைச் சார்ந்தவை. ஆறாவது கரையைச் சார்ந்தது. நம் காலத்தில் ஆறாவது கேள்வி முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

1952இல் கேரளக் கரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் பின்னர் மண்டபத்துக்கும் வந்தது. இறால் ஏற்றுமதி பெருக, விசைப்படகும் இழுவை மடியும் பெருகின. அவை பணம் ஈட்டித் தந்ததை மறுப்பதற்கில்லை. பல குடும்பங்கள் அதனால் தலையெடுத்தன. ஆனால் ஆழமற்ற வடகடலில் அடியை வாரிச் செல்லும் மடி, மீன்குஞ்சையும் கடற்புல்லையும் சேர்த்தே வாரியது. ஆவுளியா என்று நாம் அழைக்கும் கடற்பசு மேய்வது அந்தப் புல்வெளியில்தான். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பூசல் மூண்டு, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே கிழமை வைத்துப் பங்கிட வேண்டியதாயிற்று. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கே உரியது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி.

வடகடலில் எல்லைக் கோடு 1974இல் வரையப்பட்டது. பொறியின் வலிமையும் மடியின் பசியும் படகுகளை அக்கோட்டுக்கு அப்பால் இழுத்துச் சென்றன. சிறையும் படகுப் பறிமுதலும் உயிரிழப்பும் நாம் அறிந்த துயரங்கள். அவற்றுக்காக நாம் பாடியிருக்கிறோம்; இனியும் பாட வேண்டும். ஆனால் 2009இல் போர் ஓய்ந்தபின் சிறு படகுகளோடு மீண்டும் கடலில் இறங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார்க் கரை மீனவரின் வலை அறுபடும்போது, அந்த அழுகையும் தமிழில்தான் கேட்கிறது. ஒரு கரையின் கண்ணீரை மட்டும் பாடும் கவிதை அரைக் கவிதை என்று துணிந்து சொல்வேன்.

2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கை தன் கடலில் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அதே திங்களில் நம் இராமேசுவரத்தில் வேறொரு திட்டம் தொடங்கியது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகு பெறலாம் என்பது அதன் சாரம். ஒரு படகின் மதிப்பு 2017இல் 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. அதில் 70 விழுக்காடு அரசுகளின் மானியம், 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு மீனவர் பங்கு. மூன்றாண்டில் 2000 படகுகள் என்பது இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஏன்? எட்டு இலட்சத்தைக் கையிலிருந்து தருவதும், பதினாறு இலட்சத்துக்கு வங்கியில் தலைகொடுப்பதும் எளிதன்று. அதனினும் பெரிது மற்றொன்று. விடிய வலைவீசி மறுநாள் கரை திரும்பிப் பழகியவர், பல நாள் ஆழ்கடலில் தங்கி, பனிக்கட்டியில் மீனைக் காத்து, தூண்டிலால் சூரையைப் பிடிக்கும் வேறொரு தொழிலைக் கற்க வேண்டும். கலத்தை மானியத்தில் கொடுக்கலாம்; கடலறிவை மானியத்தில் கொடுக்க இயலாது. அதற்குக் காலமும் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். திட்டத்தின் நோக்கம் நல்லது என்றே நான் கருதுகிறேன். கலத்தைத் தேரும் இடத்தில் கடலுக்குப் போகிறவனையும் அமர்த்தியிருந்தால் அது மேலும் நல்லதாக இருந்திருக்கும்.

கவிஞர் பெருமக்களே, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கலம் மாறும்போது சொல்லும் மாறுகிறது. பாய் போனால் பருமல் என்ற சொல் போகும். காற்றைக் கருவி அறிவிக்கும் நாளில் கச்சானும் கொண்டலும் சோழகமும் வாயிலிருந்து உதிர்ந்துவிடும். அணியம், நீவாடு, பார், சம்மாட்டி என்ற சொற்களை நம் பேரப் பிள்ளைகள் அகராதியில் தேடுவார்கள். அங்கும் அவை எல்லாம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாமோ எல்லாக் கலத்தையும் 'ஓடம்' என்ற ஒரே சொல்லில் ஏற்றி, எல்லாக் காற்றையும் 'தென்றல்' என்று பாடிக் கொண்டிருக்கிறோம். வாடைக் காலத்தில் வடகடலில் தென்றல் வீசுவதாக எழுதினால் அதை நம்பி எந்த மீனவனும் படகு இறக்க மாட்டான்.

பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திங்களுக்கு ஒருமுறை கூடும் நம் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் கடற்கரை ஊர்களில் நடத்துங்கள். ஒன்று வாடையில், மற்றொன்று தென்மேற்குக் காற்றுக் காலத்தில். மேடையில் நாம் பேசாமல், வள்ளம் கட்டும் தச்சரையும், வலை பொத்தும் முதியவரையும், பாசி எடுக்கப் போகும் பெண்களையும் பேச வைத்து, அவர்தம் சொற்களைத் தொகுத்து வையுங்கள். அடுத்த பத்தாம் ஆண்டு மலரில் அத்தொகுப்பு இடம்பெறுமானால், நம் வட்டம் தமிழுக்குச் செய்த பணிகளுள் அதுவே தலையாயதாக இருக்கும்.